நெட்வொர்க்கில் இருக்கும் எக்செல் ஃபைல்களுக்கு இடையே செல் லிங்க்: ஒரு கணினியில் சரி, இன்னொன்றில் பழைய எண்

கிடங்குக்கணக்கு கேட்டது:

வணக்கம். மூன்று கிளைகளின் இருப்புக் கணக்கு மூன்று தனி எக்செல் ஃபைல்களில் இருக்கிறது. கிளை1, கிளை2, கிளை3 என்று பெயர். எல்லாமே சர்வரில் 'இருப்பு' என்ற ஷேர் ஃபோல்டருக்குள். இந்த மூன்றிலிருந்தும் எண்களை இழுத்து 'தொகுப்பு' என்று ஒரு ஃபைல் செய்திருக்கிறேன். சமன் குறி போட்டு, கிளை ஃபைலுக்குப் போய் செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டும் வழக்கமான முறைதான். பிரச்சினைகள் இவை:

என் கணினியில் ஷேர் ஃபோல்டர் இசட் டிரைவாக இருக்கிறது. ஒய் டிரைவாக வைத்திருக்கும் இன்னொருவர் தொகுப்பைத் திறந்தால் 'சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்கிறது.

கிளை2-இல் ஒருவர் எண்ணை மாற்றினால் தொகுப்பில் மாறுவதில்லை. எஃப்9 அழுத்தினாலும் அப்படியே நிற்கிறது.

சம்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் கூட்டும் ஃபார்முலா) போட்ட செல்களில், கிளை ஃபைல் மூடியிருந்தால் #வேல்யூ! வருகிறது. திறந்தவுடன் சரியாகிவிடுகிறது.

கடைசியாக, பயமுறுத்துவது: ஒரு பொருளுக்கு நேரே வேறு பொருளின் எண்ணிக்கை வந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எங்கே தவறு?

---

வரிசைநிரல் எழுதியது:

முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதற்கு வேறு யாராவது வருவார்கள்.

லிங்க் என்பது இரண்டு ஃபைல்களுக்கு நடுவே ஓடும் நேரடி இணைப்பு இல்லை. 'இந்த முகவரியில் இருக்கும் ஃபைலில் இந்த செல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்து வா' என்ற ஒரு குறிப்பு, அவ்வளவுதான். போய்ப் பார்ப்பது டிஸ்க்கில் கடைசியாக சேவ் ஆன பிரதியை. கிளை2-ஐ இன்னொரு கணினியில் ஒருவர் திறந்து வைத்து எண் மாற்றிக்கொண்டிருந்தால், அவர் கன்ட்ரோல்+எஸ் அழுத்தும் வரை அது அவர் கணினியின் நினைவகத்தில்தான் கிடக்கிறது. உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அவர் சேவ் செய்த பிறகும் உங்கள் தொகுப்பு தானாகப் போய்ப் பார்க்காது. எஃப்9 மறுகணக்கு போடுமே தவிர, மூடிய ஃபைலை மறுபடி வாசிக்காது. டேட்டா தாவலில் எடிட் லிங்க்ஸ் போய், அப்டேட் வேல்யூஸ் அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இன் புதிய பதிப்புகளில் அதே இடத்தில் வொர்க்புக் லிங்க்ஸ் என்று இருக்கும், வலது பக்கம் ஒரு பலகை திறக்கும், அதில் ரெஃப்ரெஷ் ஆல்.

இரண்டு ஃபைலும் ஒரே கணினியில், ஒரே எக்செலில் திறந்திருந்தால் மட்டுமே எண் உடனுக்குடன் மாறும். அதைப் பார்த்துப் பழகிவிட்டு, நெட்வொர்க்கிலும் அப்படியே நடக்கும் என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொரு விஷயம். சங்கிலி லிங்க் வைத்திருந்தால், அதாவது கிளை ஃபைலே வேறொரு ஃபைலிலிருந்து எண்ணை இழுத்தால், தொகுப்பில் அப்டேட் கொடுப்பதால் நடுவில் இருக்கும் ஃபைல் புதுப்பிக்கப்படாது. அதைத் திறந்து, அப்டேட் கொடுத்து, சேவ் செய்து மூடிய பிறகுதான் அடுத்த படி. இரண்டு படிக்கு மேல் சங்கிலி வைக்காதீர்கள். தொகுப்பிலிருந்து கிளைக்குத் திரும்ப எண் போகிற மாதிரியும் வைக்காதீர்கள். எந்த எண் எந்த நேரத்தியது என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

இனி பாதை. இசட், ஒய் என்பது அந்தந்தக் கணினி வைத்துக்கொண்ட செல்லப் பெயர். லிங்க்கில் அது இருக்கக் கூடாது. யுஎன்சி பாதை, அதாவது இரட்டைப் பின்சாய்வில் தொடங்கும் முழு முகவரி வேண்டும். ஃபார்முலா இந்த வடிவத்தில் இருக்கும்:

='\\சர்வர்\இருப்பு\[கிளை1.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்]பட்டியல்'!$பி$5

சதுர அடைப்புக்குள் ஃபைல் பெயர், அதன் பின் தாளின் பெயர், இரண்டையும் சேர்த்து ஒற்றை மேற்கோள், வியப்புக்குறி, செல். இதைக் கையால் அடிக்க வேண்டாம். எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\சர்வர்\இருப்பு என்று அடித்து உள்ளே போய், தொகுப்பையும் கிளை ஃபைலையும் அந்த வழியிலேயே திறந்து லிங்க் போடுங்கள். ஏற்கெனவே போட்ட லிங்க்குகளுக்கு எடிட் லிங்க்ஸில் சேஞ்ச் சோர்ஸ் இருக்கிறது. பழைய ஃபைலைத் தேர்ந்து, யுஎன்சி வழியாகப் போய் அதே ஃபைலைக் காட்டினால் அந்த ஃபைலுக்கான எல்லா லிங்க்கும் ஒரே நேரத்தில் மாறும்.

டிரைவ் எழுத்து இல்லாமல் முடியாது என்றால், எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்து, அதுவும் ஷேர் ஃபோல்டரின் மேல்மட்டத்துக்கே மேப் செய்யுங்கள். ஷேருக்கு உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு மேப் செய்துவிட்டு, ஒருவர் டிரைவ் வழியாகவும் மற்றவர் யுஎன்சி வழியாகவும் திறந்து சேவ் செய்தால், பாதையின் நடுவில் இருக்கும் ஃபோல்டர் பெயர் விட்டுப்போய் லிங்க் உடைவதுண்டு.

தொகுப்பும் கிளைகளும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஃபார்முலாவில் முழுப் பாதை தெரிந்தாலும், ஒரே ஃபோல்டர் என்றால் எக்செல் உள்ளே ஃபைல் பெயரை மட்டுமே எழுதி வைக்கிறது. முழு ஃபோல்டரையும் வேறிடத்துக்கு மாற்றினால் லிங்க் கூடவே வரும், அது வசதி. ஆனால் தொகுப்பை மட்டும் எக்ஸ்ப்ளோரரில் காப்பி எடுத்து டெஸ்க்டாப்பில் ஒட்டித் திறந்தால், கிளை1 டெஸ்க்டாப்பில் இருக்கிறதா என்று தேடும். பிரதி வேண்டுமென்றால் எக்செலுக்குள் திறந்து சேவ் ஆஸ் கொடுங்கள், பழைய முகவரியே நிற்கும்.

---

மூடியஃபைல் எழுதியது:

சம்இஃப் விஷயத்தில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. சம்இஃப், சம்இஃப்ஸ், கவுன்ட்இஃப், கவுன்ட்இஃப்ஸ், கவுன்ட்பிளாங்க், ஆஃப்செட் எல்லாம் மூடிய ஃபைலைப் பார்த்தால் #வேல்யூ! தரும். இன்டைரக்ட் #ரெஃப்! தரும். டேபிள் பெயரையும் நிரல் பெயரையும் வைத்து எழுதிய குறிப்புகளும் மூடிய ஃபைலுக்கு #ரெஃப்! தான். கிளைப் பெயரை ஒரு செல்லில் வைத்து, இன்டைரக்டால் ஃபைல் பாதையைக் கட்டுவது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. சோர்ஸ் மூடியிருக்கும்போது அது வேலை செய்யவே செய்யாது. அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூடிய ஃபைலிலும் ஓடுபவை: நேரடி செல் லிங்க், சம், விலுக்கப், இன்டெக்ஸ், மேட்ச், சம்ப்ராடக்ட். சம்இஃப்புக்குப் பதில் சம்ப்ராடக்ட் போடலாம். இரண்டு வரம்பையும் பெருக்கல் குறியால் இணைக்காமல், நிபந்தனைக்கு முன் இரண்டு கழித்தல் குறி போட்டு, காற்புள்ளியால் பிரித்து எழுதுங்கள்: =சம்ப்ராடக்ட்(--(பொருள் வரம்பு="போல்ட்"),எண்ணிக்கை வரம்பு). பெருக்கினால், எண்ணிக்கை நிரலில் தலைப்பு வரியோ 'இல்லை' என்ற சொல்லோ ஒன்று இருந்தாலும் மொத்தமும் #வேல்யூ! ஆகும். காற்புள்ளி முறையில் எழுத்து பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளப்படும். முழு நிரலைக் கொடுக்காமல் 2 முதல் 2000 வரை என்று வரம்பு கட்டிக் கொடுங்கள். லிங்க் செய்த வரம்பின் மதிப்புகள் எல்லாம் தொகுப்பு ஃபைலுக்குள்ளேயே ஒரு பிரதியாகத் தங்கும். வரம்பு பெரிதானால் ஃபைல் வீங்கும், நெட்வொர்க்கில் திறக்க நேரமாகும். இன்னொரு விளைவும் உண்டு: அந்தத் தொகுப்பை வெளியாருக்கு மெயிலில் அனுப்பினால், நீங்கள் காட்டாத வரிகளும் கூடவே போகின்றன. அது வேண்டாமென்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'சேவ் எக்ஸ்டர்னல் லிங்க் வேல்யூஸ்' டிக்கை எடுக்கலாம்.

இப்போது தவறான பொருளின் எண்ணிக்கை. கிளை ஃபைலில் யாரோ ஒரு வரி நுழைத்திருக்கிறார்கள், அல்லது பெயர் வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அப்போது தொகுப்பு அதே எக்செலில் திறந்திருந்தால், வரி நுழைத்ததற்கு ஏற்ப ஃபார்முலா பி5-இலிருந்து பி6-க்கு நகர்ந்திருக்கும். மூடியிருந்ததால் தகவல் போகவில்லை. பி5 என்று எழுதியிருந்தது பி5-ஐயே எடுத்து வருகிறது, அங்கே இப்போது வேறு பொருள். அது எக்செலுக்குப் பிழையே இல்லை, அதனால்தான் செய்தி எதுவும் வரவில்லை. மேலே நண்பர் சொன்ன பழைய எண் பிரச்சினையை விட இது மோசமானது, ஏனென்றால் அப்டேட் கொடுக்கக் கொடுக்கத் தவறு உறுதியாகிறது.

மொத்தம் மாதிரி ஒற்றை எண்களுக்குப் பெயர் சூட்டுங்கள். கிளை1-இல் அந்த செல்லைத் தேர்ந்து, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் செல் முகவரி காட்டும் பெட்டியில் ஒரு பெயரை அடித்து என்டர். தொகுப்பில் லிங்க் இப்படி மாறும்:

='\\சர்வர்\இருப்பு\கிளை1.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்'!மொத்தம்

சதுர அடைப்பும் தாள் பெயரும் இதில் கிடையாது. வரி நுழைத்தால் பெயர் செல்லோடு நகர்ந்து கிளை ஃபைலிலேயே சேவ் ஆகும், தொகுப்பு பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆஃப்செட் வைத்து நீளும் சுருங்கும் பெயராக வைக்காதீர்கள், மூடியிருந்தால் அது கிடைக்காது.

பொருள்வாரியான எண்களுக்கு நேரடி லிங்க்கே கூடாது. பொருள் குறியீட்டை வைத்து அதன் வரியைத் தேடி எண்ணை எடுக்கும் இன்டெக்ஸ், மேட்ச் போடுங்கள். மேட்ச்சின் கடைசி இடத்தில் 0 போட மறக்கக் கூடாது. விட்டால் தோராயப் பொருத்தம் ஆகி, மறுபடி பக்கத்து வரி எண் வந்து நிற்கும்.

இன்னும் ஒன்று: சோர்ஸ் செல் காலியாக இருந்தால் லிங்க் 0 காட்டும். இருப்புக் கணக்கில் 'பூஜ்ஜியம்' வேறு, 'இன்னும் எண்ணவில்லை' வேறு. வேறுபாடு முக்கியம் என்றால், காலியா என்று இஃப் வைத்துப் பார்த்துக் காலியாகவே விடுங்கள்.

---

கிடங்குக்கணக்கு எழுதியது:

மிக்க நன்றி. வரி நுழைத்ததுதான் காரணம், கிளை1-இல் புதுப் பொருள் மேலே சேர்த்திருக்கிறார்கள். பெயர் சூட்டி மாற்றிவிட்டேன். பாதையையும் மாற்றினேன். ஒரு கணினியில் சர்வர் பெயர் எடுக்காததால் ஐபி எண்ணைப் போட்டுத் திறந்தேன். அங்கே மஞ்சள் பட்டையில் ப்ரொடெக்டட் வியூ வருகிறது, லிங்க் அப்டேட்டே ஆகவில்லை. புதிதாக வாங்கிய இன்னொரு கணினியில் ஷேர் ஃபோல்டரே திறக்கவில்லை. பழைய கணினிகளில் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கிறது.

---

கேபிள்முனை எழுதியது:

ஐபி எண்ணில் புள்ளிகள் இருக்கின்றன அல்லவா, அதைப் பார்த்து விண்டோஸ் அந்த முகவரியை இணையத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. புள்ளி வைத்த முழு டொமைன் பெயருக்கும் இதே கதிதான். இணைய ஃபைல் என்றால் ப்ரொடெக்டட் வியூ, அதாவது படிக்க மட்டும் விடும் பாதுகாப்பு நிலை; அதில் எனேபிள் எடிட்டிங் கொடுக்கும் வரை லிங்க் எதுவும் அப்டேட் ஆகாது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, லோக்கல் இன்ட்ராநெட், சைட்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் அந்த சர்வர் முகவரியைச் சேர்த்தால் சரியாகும். ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. ஐபியில் லிங்க் போட்டால், ரூட்டர் நாளைக்கு வேறு எண் கொடுத்ததும் எல்லாக் கணினியிலும் உடையும். பெயர் ஏன் எடுக்கவில்லை என்று பாருங்கள். அந்தக் கணினியில் நெட்வொர்க் ப்ரொஃபைல் பப்ளிக் என்று இருந்தால் ப்ரைவேட்டாக மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரி ஆன் செய்யுங்கள். சர்வர் பக்கம் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன் ஆகி, ஃபயர்வாலில் 445 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

புதுக் கணினி பெரும்பாலும் விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பாக இருக்கும். அதன் ப்ரோ பதிப்பில் எஸ்எம்பி சைனிங், அதாவது ஃபைல் ஷேரிங் தகவல்களுக்கு டிஜிட்டல் கையொப்பம், கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவில் சைனிங் நடக்காது, அதனால் திறக்காது. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வழிகள் தேடினால் நிறையக் கிடைக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். சர்வரில் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி, கிளைக் கணினிகளில் கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இடம்) விண்டோஸ் கிரெடென்ஷியலாக ஒரு முறை பதிந்துவிடுங்கள். பழைய கணினிகளிலும் இதையே செய்வது நல்லது.

அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரிங் தாவலில் ஒன்று, செக்யூரிட்டி தாவலில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். தொகுப்பைப் பார்ப்பவருக்கு மூன்று கிளை ஃபைல்களிலும் ரீட் இருந்தால் போதும். அது இல்லாமல் தொகுப்பை மட்டும் திறக்க விட்டால், அவருக்குப் பழைய எண்தான் தெரியும்.

'சர்வர்' என்று நீங்கள் சொல்வது உண்மையில் ஒரு மேசையில் இருக்கும் சாதாரண விண்டோஸ் கணினியா? அப்படியென்றால் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் அது ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

---

ஒரேஅட்டவணை எழுதியது:

இவ்வளவு முட்டுக்கொடுப்பதற்குப் பதில் செல் லிங்க்கையே விட்டுவிடலாம். மூன்று கிளை, ஒரே மாதிரி நிரல்கள் என்றால் இது பவர் குவெரிக்கான வேலை, அதாவது பல ஃபைல்களின் தரவை வாசித்து ஒரே அட்டவணையாகச் சேர்க்கும் எக்செல் கருவிக்கான வேலை. எக்செல் 2016-இலிருந்து உள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு கிளை ஃபைலிலும் பட்டியலைத் தேர்ந்து கன்ட்ரோல்+டி (டேபிளின் முதல் எழுத்தான டி) அழுத்தி டேபிளாக மாற்றுங்கள். மூன்றிலும் டேபிளுக்கு ஒரே பெயர், நிரல் தலைப்புகளும் எழுத்து மாறாமல் ஒன்றே. கிளை ஃபைல்களை மட்டும் தனி ஃபோல்டரில் வையுங்கள், தொகுப்பு அதற்கு வெளியே. தொகுப்பில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர். யுஎன்சி பாதை கொடுத்து டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா அழுத்துங்கள். ஃபைல் பட்டியல் வரும்போது, பெயர் ~$ என்று தொடங்குபவற்றை முதலில் வடிகட்டி நீக்குங்கள். யாராவது கிளை ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது உண்டாகும் மறை ஃபைல் அது. நீக்காவிட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் பிழை தரும். பிறகு கம்பைன் ஃபைல்ஸ், டேபிளைத் தேர்வு செய்து, க்ளோஸ் அண்ட் லோட்.

எந்த ஃபைலிலிருந்து வந்த வரி என்பது முதல் நிரலில் தானாக வரும். அதற்கு மேல் பிவட் டேபிளோ சம்இஃப்ஸோ போடுங்கள். எல்லாம் ஒரே ஃபைலுக்குள் இருப்பதால் #வேல்யூ! பேச்சே இல்லை. குவெரி ப்ராப்பர்ட்டீஸில் 'ஃபைல் திறக்கும்போது ரெஃப்ரெஷ்', 'இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ரெஃப்ரெஷ்' இரண்டும் உண்டு. நான்காவது கிளை வந்தால் ஃபைலை ஃபோல்டரில் போட்டால் போதும்.

---

வரிசைநிரல் எழுதியது:

பொருள் பட்டியலுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவும் டிஸ்க்கில் சேவ் ஆன பிரதியைத்தான் வாசிக்கும், நேரடி இணைப்பு இல்லை. கிளையில் ஒருவர் 'எண்ணிக்கை' என்ற தலைப்பை 'எண்ணிக்கை ' என்று இடைவெளியோடு மாற்றினாலும் குவெரி நிற்கும். நிற்பது நல்லதுதான், தவறான எண்ணைவிட மேல். ஆனால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

நாலைந்து மொத்தங்கள் மட்டும் வேண்டுமென்றால் பெயர் சூட்டிய செல் லிங்க்கே போதும். குறிப்பாக, நீங்களே வடிவமைத்த அறிக்கைப் படிவத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எண் உட்கார வேண்டிய இடத்தில் பவர் குவெரி அதிக வேலை.

---

காலக்பயனர் எழுதியது:

யாராவது எக்செலுக்குப் பதில் லிப்ரெஆஃபிஸ் வைத்திருந்தால்: அதன் விரிதாளான காலக்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரெஆஃபிஸ் காலக், ஜெனரல் பக்கத்தில் திறக்கும்போது லிங்க்கை எப்போதும், கேட்டு, ஒருபோதும் வேண்டாம் என்று மூன்று தேர்வு. ஷீட் மெனுவின் எக்ஸ்டர்னல் லிங்க்ஸ் மூலம் ஒரு வரம்பை இணைத்தால், இத்தனை வினாடிக்கு ஒரு முறை தானாக வாசிக்கச் சொல்லலாம். சோர்ஸில் அந்த வரம்புக்குப் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் காட்டாது. லினக்ஸும் விண்டோஸும் கலந்த இடத்தில் பாதை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, எனவே ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் வைப்பதுதான் வழி.

---

கிடங்குக்கணக்கு எழுதியது:

பட்டியலுக்குப் பவர் குவெரி, மொத்தங்களுக்குப் பெயர் லிங்க் என்று பிரித்துவிட்டேன். புதுக் கணினியும் பாஸ்வேர்டு பதிந்தபின் திறக்கிறது. ஒன்று மட்டும் மிச்சம். எடிட் லிங்க்ஸில் கடந்த வருட ஃபைல் ஒன்றின் பெயர் இன்னும் இருக்கிறது, திறக்கும்போதெல்லாம் அதைக் கேட்கிறது. பிரேக் லிங்க் கொடுத்தும் போகவில்லை. அதைப் பயன்படுத்தும் செல் எதுவும் இல்லை.

---

மூடியஃபைல் எழுதியது:

செல்லில் இருக்காது. பிரேக் லிங்க் செல்களில் இருக்கும் ஃபார்முலாவை மதிப்பாக மாற்றும், அதைத் திரும்பப் பெறவும் முடியாது, அதனால் இனி பிரதி எடுத்துவிட்டே அழுத்துங்கள். இது வேறெங்கோ ஒளிந்திருக்கிறது.

முதலில் ஃபார்முலாஸ் தாவலில் நேம் மேனேஜர். 'ரெஃபர்ஸ் டூ' நிரலில் அந்தப் பழைய ஃபைல் பெயர் இருக்கும் வரிகளை நீக்குங்கள். பழைய ஃபைலிலிருந்து ஒரு தாளை அப்படியே காப்பி செய்து கொண்டுவந்தால் அதன் பெயர்களும் கூடவே வந்துவிடும். பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். இல்லையென்றால் டேட்டா வேலிடேஷன் பட்டியல், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதி, சார்ட்டின் சீரீஸும் தலைப்பும், மேக்ரோ ஒட்டிய பட்டன் என்று பார்த்து வாருங்கள். மறைத்து வைத்த தாள்களையும் வெளியே எடுத்துப் பாருங்கள். கன்ட்ரோல்+எஃப்-இல் சதுர அடைப்பின் தொடக்கக் குறியைப் போட்டு, வித்தின் என்பதில் வொர்க்புக், லுக் இன் என்பதில் ஃபார்முலாஸ் வைத்துத் தேடினால் செல்களில் மிச்சம் இருப்பவை சிக்கும். ஆனால் நீங்கள் இப்போது போட்டிருக்கும் பெயர் லிங்க்குகளில் சதுர அடைப்பு இல்லை, அவை இதில் வராது. அவற்றுக்கு ஃபைல் பெயரையே போட்டுத் தேடுங்கள்.

நீக்கியதும் சேவ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். பட்டியலில் இருந்து பெயர் அப்போதுதான் போகும்.